மகள் கல்யாணத்துக்கு முன் கொலாஜன் ஊசி போடலாமா?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறை நகரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருப்பது சுருக்கமாக இது. வயது 49. சர்க்கரைக்காக வாரம் ஒருமுறை போடும் ஊசியால் எட்டு மாதத்தில் 14 கிலோ குறைந்திருக்கிறது, இன்னும் குறைந்துகொண்டே இருக்கிறது. கன்னம் ஒட்டி, தாடை ஓரம் தளர்ந்து, பார்ப்பவரெல்லாம் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வாரத்தில் கல்யாணம். பாலம் தாண்டிப் பினாங்குத் தீவில் ஒரு கிளினிக்கில் மூன்று தடவை கொலாஜன் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். தெரிந்த அழகு நிலையப் பெண் ஒருவர் அதே மருந்தைப் பாதி விலைக்கு வீட்டுக்கே வந்து போடுவதாகச் சொல்கிறார். எந்த ஊசி நல்லது, கன்னத்தில் இருக்கும் மங்கும் அதில் போய்விடுமா என்பது கேள்வி.

எந்த ஊசி என்று கேட்டாலும், உள்ளே இருக்கும் கேள்விகள் வேறு என்று நினைக்கிறேன். உங்கள் முகத்தில் குறைந்திருப்பது கொலாஜன்தானா? பன்னிரண்டு வாரம் போதுமா? யார் கையில் முகத்தைக் கொடுப்பது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மருந்தின் பெயர் பெரிய விஷயமாக இருக்காது. மருத்துவப் பயிற்சியும் இந்தச் சிகிச்சைகளில் பல வருடப் பழக்கமும் வைத்து எழுதுகிறேன். ஆனால் உங்கள் முகத்தைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுவதால், இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் பேசுங்கள், இதையே மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். கொலாஜன் ஊசி என்று இன்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவற்றில் கொலாஜன் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை ஊசியில் ஏற்றும் முறைக்கு அமெரிக்காவில் 1981-இல் அனுமதி கிடைத்தது. ஒவ்வாமை வரலாம் என்பதால் முதலில் முன்கையில் சோதனை ஊசி போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. போட்ட கொலாஜனும் சில மாதங்களில் கரைந்துபோனது. இப்போது போடுவது கொலாஜனைச் செய்யும்படி உங்கள் தோலைத் தூண்டும் பொருள். ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் வருவது பாலி-எல்-லாக்டிக் அமிலம், அதாவது கரையும் தையல் நூல் செய்யப் பயன்படும் குடும்பத்தைச் சேர்ந்த பொருள். அதன் துகள் ஒவ்வொன்றும் 40 முதல் 63 மைக்ரான் வரை இருக்கும். நம் உடம்பில் அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்களால் விழுங்க முடியாத பருமன் அது. விழுங்க முடியாததால் அவை துகளைச் சூழ்ந்து நிற்கின்றன, அங்கே சிறு அழற்சி உண்டாகிறது, அந்த அழைப்பில் நார் நெய்யும் அணுக்கள் வந்து துகளைச் சுற்றி நார் நெய்கின்றன. முதலில் வருவது மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன். மாதங்கள் போகப் போக உறுதியான முதலாம் வகை கூடுகிறது. துகள் மெல்ல லாக்டிக் அமிலமாக உடைந்து, கடைசியில் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறிவிடுகிறது. நெய்யப்பட்ட நார் தங்குகிறது.

ஆக, மருந்து குப்பியில் வந்தாலும் வேலை செய்வது உங்கள் உடம்புதான். இதை ஆழமாக மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் அதிலிருந்தே புரியும். ஏன் தாமதமாகிறது, ஒருவருக்கு நன்றாக வந்து இன்னொருவருக்கு ஏன் வருவதில்லை, புகைபிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் ஏன் பலன் குறைகிறது, ஏன் ஒரே நாளில் திருப்பி எடுக்க முடியாது என்பதெல்லாம் அந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

ஊசி போட்ட அன்று கண்ணாடியில் கன்னம் நிறைந்து தெரியும். பலர் அதிலேயே மகிழ்ந்துபோய்விடுகிறார்கள். அது மருந்தைக் கரைத்த தண்ணீரும் ஊசி குத்திய வீக்கமும். இரண்டு மூன்று நாளில் வற்றி, முகம் பழையபடி ஆகிவிடும். அந்த நாலாம் நாளில்தான் “காசு போச்சு” என்று மனம் உடைகிறது. உண்மையான மாற்றம் பெரும்பாலும் ஆறு எட்டு வாரத்துக்குப் பிறகு தலைகாட்டும். கடைசி ஊசிக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்தில் முழுமை பெறும். நன்றாக வந்தால் இரண்டு வருடம் வரை நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லாத இடம் எதுவானாலும், அங்கே போட வேண்டாம்.

தூண்டும் பொருள்கள் பல இருக்கின்றன. ரேடியஸ் என்பது கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் தாதுவைப் போன்றது. 25 முதல் 45 மைக்ரான் உருண்டைகள் 30 சதவீதம், மீதி 70 சதவீதம் கூழ். கூழ் உடனடியாக இடத்தை நிரப்பும், இரண்டு மூன்று மாதத்தில் கரையும். அதற்குள் உருண்டைகளைச் சுற்றிக் கொலாஜன் வந்திருக்கும். ஒன்று முதல் ஒன்றரை வருடம் நிற்கும் என்பது சாதாரணக் கணக்கு. தாடைக் கோட்டைத் தூக்கிக் காட்ட வேண்டுமென்றால் கலக்காமல் போடுவார்கள். தோலை இறுக்க மட்டும் என்றால் ஒன்றரை மில்லி மருந்தோடு அதே அளவு அல்லது இரண்டு மடங்கு உப்புநீர் கலந்து, கன்னத்திலும் கழுத்திலும் விசிறி போலப் பரப்புவார்கள். எலான்ஸே என்பது பாலிகேப்ரோலாக்டோன் உருண்டைகளும் கூழும் சேர்ந்தது. அதில் ஒரு வருடம் முதல் நாலு வருடம் வரை என்று தனித்தனி வகைகள் உண்டு. நீண்ட நாள் நிற்பது விற்கிறவருக்கு நல்ல வாசகம். ஆனால் தப்பாகப் போட்டுவிட்டால் தப்பும் அத்தனை நாள் நிற்கும். முதல் தடவை போடுபவருக்கு நீண்ட நாள் வகையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

ப்ரோஃபைலோ, ரிஜுரான் ஆகியவற்றையும் இங்கே பலர் கொலாஜன் ஊசி என்றே அழைக்கிறார்கள். இவை வேறு சாதி. ப்ரோஃபைலோ ஹயலூரானிக் அமிலம்: இரண்டு மில்லியில் 64 மில்லிகிராம், முகத்தின் ஒவ்வொரு பக்கமும் ஐந்து புள்ளி, புள்ளிக்கு 0.2 மில்லி, ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை. தோலுக்கு ஈரமும் மினுமினுப்பும் தரும், சுருக்கத்தைக் கொஞ்சம் மென்மையாக்கும். ஒட்டிப்போன கன்னத்தை நிரப்பாது. ரிஜுரான் சால்மன் இன மீனின் டிஎன்ஏவிலிருந்து எடுத்த பொருள். தோலின் மேலடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம் போல நூற்றுக்கணக்கில் போடுவார்கள், ஓரிரு நாளில் அவை அமுங்கும். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டும் கொலாஜனைத் தூண்டுகின்றன என்பதற்கு ஆய்வுக்கூடத்திலும் சிறிய ஆய்வுகளிலும் அறிகுறி உண்டு. ஆனால் பாலி-எல்-லாக்டிக் அமிலத்துக்கும் கால்சியம் மருந்துக்கும் தோல் திசுவை எடுத்துப் பார்த்துக் கிடைத்திருக்கும் சான்று அளவுக்கு வலுவில்லை. “சால்மன் ஊசி போட்டால் முகம் நிறைந்துவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி பலனும் பாதகமும் தீர்மானமாகும் இடத்துக்கு வருவோம்: மருந்தைக் கலக்கும் மேசை. பாலி-எல்-லாக்டிக் அமிலம் உலர்ந்த தூளாக வரும். ஒரு குப்பியில் 150 மில்லிகிராம். ஆரம்ப நாட்களில் 5 மில்லி தண்ணீரில், சில இடங்களில் அதற்கும் குறைவான தண்ணீரில் கலந்து, ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டுப் போட்டார்கள். தோலுக்கடியில் கட்டிகள் அடிக்கடி வந்தன. காரணம் எளிது: தூள் சரியாக ஊறாமல் திரிதிரியாகச் சேர்ந்து ஒரே இடத்தில் இறங்கியது. ஒரு துகளைச் சுற்றி நெய்ய வேண்டிய நார், ஐம்பது துகள் சேர்ந்த உருண்டையைச் சுற்றி நெய்தால் விரலுக்குத் தட்டுப்படும் முடிச்சாகத்தானே இருக்கும்? இப்போது 8 மில்லி சுத்திகரித்த தண்ணீரும் 1 மில்லி மரப்பு மருந்துமாக 9 மில்லி வரை நீர்க்கக் கலப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கலந்தால் உடனே போடலாம் என்று அமெரிக்க அனுமதிக் குறிப்பே இப்போது சொல்கிறது. ஆனாலும் முந்தின நாளே கலந்து ஊறவைக்கும் மருத்துவர்கள் பலர் உண்டு, அதில் தவறில்லை. தண்ணீரை மெதுவாக விட்டு, குப்பியின் சுவரில் தூள் ஒட்டாமல் பார்த்து, போடுவதற்குச் சற்று முன் நன்றாகக் குலுக்கி, சீரான பால் போல ஆன பிறகே ஊசியில் எடுக்க வேண்டும். நுரையை ஊசியில் இழுத்தால் மருந்து அளவு தப்பும், ஊசி முனையும் அடைத்துக்கொள்ளும். அடைத்த ஊசியை அழுத்தித் தள்ளினால் ஒரே இடத்தில் கொத்தாக இறங்கும். அடைத்தால் ஊசியை மாற்ற வேண்டும், அழுத்தக் கூடாது.

போடும் ஆழமும் அதே அளவு முக்கியம். தோலின் அடிப்பகுதியிலும் அதற்குக் கீழே உள்ள கொழுப்பிலும், நெற்றிப்பொட்டுப் பள்ளத்திலும் கன்ன எலும்பிலும் எலும்பை ஒட்டியும் இறக்குவார்கள். மேலோட்டமாகப் போட்டால் அரிசி மணி போல வெளியே தெரியும். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் இந்தத் தூளைப் போடக் கூடாது. அங்கே தோல் மெல்லியது, தசை நாள் முழுக்க அசைந்து துகளை ஓரிடத்தில் குவித்துவிடும். ஒரு பக்கக் கன்னத்துக்கு ஒரு தடவையில் இத்தனை என்பது முகத்தைப் பொறுத்தது. பத்து வயதுக்கு ஒரு குப்பி, அதாவது ஐம்பதை ஒட்டிய வயதில் மொத்தம் ஐந்து குப்பி வரை ஆகலாம் என்று மருத்துவர்கள் மனக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது விதி கிடையாது, செலவை ஊகிக்க உதவும் கணக்கு. அதனால் கிளினிக்கில் “ஒரு குப்பி எவ்வளவு” என்று கேட்பதைவிட, “என் முகத்துக்கு மொத்தம் எத்தனை குப்பி, எத்தனை தடவை, இரண்டு வருடம் கழித்து மறுபடி எத்தனை” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு குப்பி விலையைப் பார்த்து ஆரம்பித்து, பாதியில் பணம் தீர்ந்து நிறுத்தினால் போட்டதும் வீணாகிவிடும்.

இடைவெளியைச் சுருக்கக் கூடாது. நாலு முதல் ஆறு வாரம் விடுவது நல்லது. முந்தின ஊசிக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரிவதற்குள் அடுத்ததைப் போட்டால் தேவைக்கு மேல் போய்விடும். கொலாஜன் கூடிப்போனால் குறைக்க மருந்து இல்லை. போட்டு வீட்டுக்கு வந்ததும் ஐந்து நாள், நாளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் முகத்தைத் தேய்த்துவிடச் சொல்வார்கள். தேய்ப்பதால் கட்டி எவ்வளவு குறைகிறது என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. நீர்க்கக் கலந்து, சரியான ஆழத்தில் போட்டால் அதுவே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடுகிறது என்பது என் கணிப்பு. ஆனால் செலவில்லாத காரியம், ஆகவே செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முகக் கிரீம் தடவி வழுவழுப்பாக்கி, வட்டமாகத் தேய்த்தால் போதும். இந்தத் தேய்ப்பு பாலி-எல்-லாக்டிக் அமிலத்துக்கு மட்டுமே. ரேடியஸோ ப்ரோஃபைலோவோ போட்டுவிட்டு அதே மாதிரி தேய்க்காதீர்கள், மருத்துவர் சொன்னால் தவிர.

கட்டிகளிலும் இரண்டு வகை உண்டு. சில வாரத்தில் வரும், வலிக்காத, வளராத சின்ன முடிச்சு துகள் குவிந்ததால் வருவது. உப்புநீர் செலுத்திப் பிசைந்தோ ஊசி முனையால் உடைத்தோ கலைக்கலாம், சில தானாகவே மாதங்களில் கரையும். பல மாதம், சில சமயம் வருடங்கள் கழித்துச் சிவந்து, வீங்கி, வளர்ந்துகொண்டே போவது வேறு. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி முரண்டு பிடிப்பதால் வருவது, அபூர்வம். அதற்குக் கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டிவரும். நம் நிறத் தோலில் அந்த ஸ்டீராய்டே வெள்ளைத் திட்டும் பள்ளமும் விடக்கூடும் என்பதால் குறைந்த அளவில், பொறுமையாகப் போட வேண்டும்.

நம் தோலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரப் படங்களில் இருக்கும் முகங்கள் நம் முகங்களைப் போல் இருப்பதில்லை. தூண்டும் ஊசிகள் நிறத்தை நேரடியாகத் தொடுவதில்லை. அந்த வகையில் சில லேசர்களைவிட நம் நிறத்துக்குப் பாதுகாப்பானவை. ஆனால் ஒவ்வொரு குத்தும் ஒரு சிறு காயம், நம் தோலில் காயம் ஆறும்போது கறுப்பு விழும். குத்துகளைக் குறைக்க, முனை மழுங்கிய நீளக் குழலால் ஒரே துளையிலிருந்து விசிறி போலப் போடும் முறை நமக்கு உகந்தது. காது குத்திய இடத்திலோ பிரசவத் தையலிலோ அம்மைக் குத்திலோ மேடிட்டுப் பரவிய தழும்பு, அதாவது கெலாய்ட், உங்களுக்கு இருந்தால் ஸ்கல்ப்ட்ரா போடக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. காரணமும் தெளிவு: கொலாஜனை எப்போது நிறுத்துவது என்று தெரியாத தோலிடம் போய் இன்னும் கொஞ்சம் நெய் என்று சொல்லக் கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்காத மருத்துவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

மங்கு இதில் போகாது. மங்கு நிறமிச் சிக்கல், கொலாஜன் சிக்கல் அல்ல. வெயில், வெப்பம், ஹார்மோன், பரம்பரை எல்லாம் அதில் உண்டு. பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறது, இங்கே வருடம் முழுக்க உச்சி வெயில்தான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கறுப்பாக்குகிறது என்பதால், வெள்ளை நிற சன்ஸ்கிரீனைவிட இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் மங்குக்கு நல்லது. எஸ்பிஎஃப் 50, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. புறஊதா ஒளி கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. ஆகவே இதைத் தடவாமல் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்துக் கொலாஜன் வளர்ப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. எந்த நிரப்பு மருந்தும் இரத்தக் குழாய்க்குள் போனால் அடைப்பு உண்டாகும். மூக்கோரம், மூக்கு, புருவ நடு ஆகிய இடங்களின் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்திருப்பதால், மருந்து பின்னோக்கிப் போய்க் கண் பார்வை போனவர்கள் உலகில் இருக்கிறார்கள். மிக அபூர்வம், ஆனால் போனால் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஹயலூரானிக் அமிலமாக இருந்தால் அதைக் கரைக்கும் நொதி ஊசி ஒன்று இருக்கிறது. ஸ்கல்ப்ட்ராவுக்கும் ரேடியஸுக்கும் எலான்ஸேவுக்கும் அப்படி நம்பகமான மாற்று மருந்து கிடையாது. ரேடியஸுக்குச் சோடியம் தயோசல்ஃபேட் முயன்றிருக்கிறார்கள், அது முயற்சி அளவில்தான் இருக்கிறது. போடும்போதே தாங்க முடியாத வலி, தோல் வெளுப்பது, பிறகு வலை போல ஊதா நிறக் கோலம், அடுத்த நாட்களில் சீழ்க்கொப்புளம் என்பவை அடைப்பின் அடையாளங்கள். வெள்ளைத் தோலில் வெளுப்பு உடனே தெரியும், நம் தோலில் தெரியாமல் போகலாம். அதனால் விரலால் ஐந்து நொடி அழுத்திவிட்டு எடுத்து, நிறம் திரும்ப இரண்டு மூன்று நொடிக்கு மேல் ஆகிறதா என்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உதட்டின் உட்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்வை மங்கினால், இரட்டையாகத் தெரிந்தால், கண் திறக்க முடியாமல் போனால், மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கண் நரம்புத் திரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இரத்தம் இல்லாமல் தாங்காது. உங்கள் வீட்டுக்கு அருகில் கண் சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை எது என்று முன்கூட்டியே தெரிந்துவையுங்கள். ஊசியைத் தீவில் போட்டுவிட்டு மாலை நெரிசலில் பாலத்தில் நிற்கும் நேரத்தில் கூகுளில் தேட முடியாது. சாயங்காலத்தைவிடக் காலையில் நேரம் வாங்குவதும் இதற்காகத்தான்: ஏதாவது என்றால் கிளினிக் திறந்திருக்கும்.

இந்த ஒரு பத்தி போதும், வீட்டுக்கு வந்து பாதி விலைக்குப் போடும் பெண்ணுக்குப் பதில் சொல்ல. அவருக்குக் கைப்பழக்கம் இருக்கலாம், நல்ல மனமும் இருக்கலாம். குழாய் அடைத்தால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. மலேசியாவில் அழகு நிலையம் ஊசி போடுவது சட்டப்படி தவறு. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே போடலாம். அவருக்கு மருத்துவ மன்றத்தின் அந்த வருடத்து ஏபிசி (APC), அதாவது மருத்துவத் தொழில் செய்ய ஆண்டுதோறும் தரும் சான்று இருக்க வேண்டும், பொது மருத்துவராக இருந்தால் சுகாதார அமைச்சின் எல்சிபி என்ற அழகியல் மருத்துவ அனுமதிக் கடிதமும் வேண்டும். கிளினிக் 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பதிவாகி, சான்றிதழ் சுவரில் தொங்க வேண்டும். மருத்துவரின் பெயரை மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். தூண்டும் ஊசிகள் இங்கே மருத்துவக் கருவியாகக் கருதப்படுவதால் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவச் சாதன வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பாதி விலையில் கிடைப்பது போலியாகவோ, பதிவில்லாமல் யாரோ பயணப் பெட்டியில் கொண்டுவந்ததாகவோ, வேறொருவருக்குக் கலந்து மிஞ்சியதாகவோ இருக்கலாம். மிஞ்சியதைப் பகிர்வது பெரிய தவறு, ஒரு குப்பி ஒருவருக்கு மட்டும்.

சரி, உங்கள் முகத்துக்கு வருவோம். எட்டு மாதத்தில் 14 கிலோ குறைந்த முகத்தில் முதலில் போனது கொழுப்பு. மாதவிடாய் நிற்கும் வயது என்பதால் கொலாஜனும் வேகமாகக் குறையும் காலம் இது. நின்ற பிறகு முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் போகிறது என்பது பலமுறை எடுத்துச் சொல்லப்படும் கணக்கு. ஆக இரண்டும் சேர்ந்திருக்கிறது. தூண்டும் ஊசி இரண்டாவதற்கு உதவும், முதலாவதற்கு ஓரளவே. எடை இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தயக்கம். இன்று அளவு பார்த்துப் போட்டால், இன்னும் ஆறு கிலோ இறங்கிய முகத்துக்கு அந்த அளவு பொருந்தாது. எடை ஒரு நிலைக்கு வந்து மூன்று மாதமாவது நின்ற பிறகு ஆரம்பிப்பதுதான் முறை. முகத்துக்காகச் சர்க்கரை ஊசியை நிறுத்தவோ அளவைக் குறைக்கவோ செய்யாதீர்கள், அதைத் தரும் மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்த ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வது என் வழக்கம். அது சட்டமாக எழுதப்பட்ட எல்லை இல்லை, கிருமித் தொற்றும் ஆறாத காயமும் வருவதைப் பார்த்து வைத்துக்கொண்ட எச்சரிக்கை.

நேரக் கணக்கும் அதையே சொல்கிறது. இந்த வாரமே முதல் ஊசி என்றால் இரண்டாவது ஐந்தாம் வாரம், மூன்றாவது பத்தாம் வாரம். மூன்றாவது ஊசியின் கன்றல் ஆறும் முன் நலங்கு வந்துவிடும், பலனோ பாதிகூட வந்திருக்காது. கல்யாணத்துக்கு முந்தின நாலு வாரத்தில் முகத்தில் எந்தப் புது ஊசியும் வேண்டாம். கண்டிப்பாக ஏதாவது செய்தாக வேண்டும் என்றால், ஹயலூரானிக் அமிலத்தில் கன்னத்தை நிரப்பும் வகையை (ப்ரோஃபைலோ அல்ல), சரியில்லை என்றால் கரைத்துவிட முடியும் என்ற ஒரே காரணத்துக்காக, தகுதியான மருத்துவரிடம் கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன் கன்னத்துக்குக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம். தூண்டும் ஊசியைக் கல்யாண அலைச்சல் முடிந்து, எடை நின்ற பிறகு நிதானமாகத் தொடங்குங்கள்.

இந்தப் பன்னிரண்டு வாரத்தில் சும்மா இருக்க வேண்டாம். ட்ரெட்டினோயின் கிரீம் கொலாஜனைத் தூண்டுகிறது என்பது பல வருட ஆய்வில் நிலைபெற்ற விஷயம். மருத்துவர் எழுதித் தருவார், 0.025 சதவீதம், பட்டாணி அளவு, வாரம் இரண்டு இரவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம். ஆரம்பத்தில் உரியும், எரியும், அவசரப்பட்டுக் கூட்டினால் அந்த எரிச்சலே மங்கைக் கறுப்பாக்கும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஆகாது. சாப்பாட்டில் புரதம் குறையாமல் பாருங்கள், வார ஊசி பசியைக் குறைப்பதால் பலர் கஞ்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். முட்டை, மீன், பருப்பு, தவ்பூ என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது வேண்டும். கொலாஜன் நெய்ய வைட்டமின் சி தேவை, ஒரு கொய்யாப்பழம் போதும். குடிக்கும் கொலாஜன் பொடிகளால் தோல் ஈரம் சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகள் காட்டினாலும், அவற்றில் பல தயாரிப்பாளர்களின் பணத்தில் நடந்தவை. கன்னத்தை நிரப்பும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

பிறகு ஊசி போடும் நாள் வரும்போது சில காரியங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜின்செங், பூண்டு மாத்திரை ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே நிறுத்தினால் கன்றல் குறையும். இதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்குவது, பல் சுத்தம் செய்வது இருந்தால் ஊசிக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ வையுங்கள், வாயிலிருந்து இரத்தத்தில் போகும் கிருமி துகளில் குடியேறக்கூடும். முகத்தில் பருவோ உதட்டில் அக்கியோ இருக்கும் நாளில் போட வேண்டாம். தன் உடம்பையே தாக்கும் நோய்கள், லூபஸ் போன்றவை, தீவிரமாக இருக்கும்போதும் கூடாது. போடும் முன் பெட்டியை உங்கள் கண் முன் திறக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள், எத்தனை மில்லி கலந்தார்கள் என்று கேளுங்கள். நேராக, பக்கவாட்டில் எனப் புகைப்படம் எடுத்து ஒரு பிரதி உங்களுக்கும் வாங்குங்கள், ஏனென்றால் மெல்ல வரும் மாற்றத்தை நம் கண் நம்பகமாக அளக்காது. பெட்டியில் இருக்கும் தொகுதி எண் ஒட்டுச்சீட்டின் ஒன்றை உங்கள் சர்க்கரைக் கிளினிக் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் தேதியையும் போட்ட இடங்களையும் எழுதிவிடுங்கள். ரேடியஸாக இருந்தால் அது எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் வெள்ளையாகத் தெரியும். பல் மருத்துவரோ ஸ்கேன் எடுப்பவரோ அது என்னவென்று கேட்கும் நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.